நாய் படுக்கும் சுவர்

பகல் பதினொன்றே கால். குளிக்கலாமென்று குழாயைத் திறந்த பெயிண்டர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தண்ணீர் சுட்டது.

"ஏம்மா," என்று குளியலறையிலிருந்தே கூவினார். "உன் தம்பி வீட்டுல ஹீட்டர் இருக்கா? சொல்லவே இல்லையே!"

மனைவி சமையலறையிலிருந்து பதில் சொன்னாள்.

"ஹீட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, மொட்டைமாடியில டேங்க் இருக்கு, டேங்குக்கு மேல சூரியன் இருக்கு, குளிக்கிற தண்ணியை முந்தின நாளே பக்கெட்டுல பிடிச்சு வைங்கன்னு வந்த அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், நல்லா மண்டையை ஆட்டிட்டு இப்ப என் தம்பியை விசாரணை பண்றீங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். பெயிண்டர் துண்டோடு நின்று கேட்டார். திட்டு காதில் ஏறவில்லை. அந்த மூச்சுதான் ஏறியது.

பழைய ஊரில் அவளால் இப்படித் திட்ட முடியாது. அது மலைமேல் இருந்த குளிர் ஊர். பாதி நாள் மழை, மீதி நாள் பனி. அவளுக்கு வீசிங். திட்டுவதானாலும் தவணை முறையில்தான் திட்டுவாள். "உங்களுக்கு..." என்பாள். மூச்சு வாங்குவாள். "கொஞ்சமாவது..." என்பாள். மறுபடி நிறுத்துவாள். அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் செய்த தப்பைச் சரிசெய்து முடித்திருப்பார். டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஊரை மாற்றச் சொன்னார். சூடான ஊர், ஈரமில்லாத காற்று. அவள் தம்பி இருந்த ஊர் அதற்குப் பொருந்தியது. தம்பி வீட்டு மாடி போர்ஷனும் காலியாக இருந்தது. மூட்டையைக் கட்டினார்கள்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவள் மூச்சு சீராகிவிட்டது. அவருக்குத்தான் எல்லாம் தலைகீழானது.

வெயிலைக் கண்டால் ஜன்னலை விரியத் திறப்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். இங்கே திறந்தால், திருடனுக்குக் கதவு திறந்தவனைப் பார்ப்பதுபோல வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். காலையிலேயே ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்து, இருட்டுக்குள் உட்கார்ந்தார்கள். அங்கே கல்லாகக் கிடந்த தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலைச் சாய்த்ததும் சட்டைவரை ஓடியது. அரை வாளித் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் முதலில் போட்டது மொடமொடவென்று காய்ந்திருந்தது. இதை மட்டும் அவர் ரசித்தார். அங்கே ஒரு பேண்ட் காய மூன்று நாள் ஆகும். காய்ந்தாலும் நாறும்.

தூக்கம்தான் வரவில்லை. இத்தனை வருஷமாக அவளுடைய மூச்சின் விசில் சத்தத்துக்கு நடுவில் தூங்கிப் பழகியவர். இப்போது அந்தச் சத்தம் இல்லை. வெயில்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

மனைவிக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இருந்தது. கிளம்பும்போது பழைய முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"உன் இடத்தை இந்த மாசம் முடியுற வரைக்கும் காலியா வச்சிருக்கேன். ஒத்துவரலைன்னா வந்துடு. வீட்டம்மா தம்பி வீட்டுல இருக்கட்டும். நீ லீவுக்கு லீவு போய்ப் பாத்துட்டு வா."

பெயிண்டர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு திரும்ப முடியாது. திரும்பினால் தனியாகத்தான். ஆனால் வேலையில்லாமல் மச்சினன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அவரால் ஆகாது.

மச்சினன் பெயிண்டிங் கான்ட்ராக்டர். முன்னால் அவனும் ஏணி ஏறியவன்தான். கான்ட்ராக்டர் ஆனதிலிருந்து கையில் பிரஷ் போய் போன் வந்தது. வயிற்றில் தொப்பை வந்தது.

"மாமா, ஒரு வீடு வந்திருக்கு," என்றான். "தனி வீடு. நாலு பக்கமும் வெளிச்சுவர். உங்க கைவரிசையைக் காட்டுங்க. நல்லா வந்தா நம்ம வேலையெல்லாம் இனிமே உங்க பொறுப்பு. எத்தனை ஆள் வேணும்?"

"ஆளா? எதுக்கு? நான் தனியாத்தான் அடிப்பேன்."

"இங்க ஒரு சுவத்துக்கு நாலு பேர் இறங்குவோம் மாமா."

"நாலு பேர் அடிச்சா நாலு கை தெரியும் மாப்ள. ஒரு ஆள் அடிச்சாத்தான் ஒரு சுவர்."

"சரி, உங்க இஷ்டம். சொதப்பிட்டீங்கன்னா அக்கா புருஷன்னு பாக்க மாட்டேன். கலர் கலக்க உக்கார வச்சிடுவேன்."

பெயிண்டர் சிரித்தார். மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். இந்த வீடு தேறினால் இருப்பது. தேறாவிட்டால் முதலாளிக்குப் போன்.

வீட்டுக்காரம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். வாசலில் சிவப்பு எழுத்து ஒட்டிய இரண்டு கார்கள் நின்றன. இரண்டிலும் நாலு மூலையும் நசுங்கியிருந்தது. மேற்குச் சுவரோரம் ஒரு பழுப்பு நாய் கால்களைப் பரப்பிப் படுத்திருந்தது.

"கடிக்குமாம்மா?"

"கடிக்கணும்னா எழுந்திருக்கணும். அவன் எழுந்திருக்க மாட்டான். அவன் பேரே சோம்பேறிதான். நீங்க வேலையை ஆரம்பிங்க."

கிழக்குச் சுவரில் வெயில் அமோகமாக அடித்துக்கொண்டிருந்தது. பெயிண்டருக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. மலை ஊரில் வெயில் விழும் சுவரில்தான் முதலில் கை வைப்பார்கள். காலையில் கிழக்கு, சாயங்காலம் மேற்கு. வெயிலைத் துரத்திக்கொண்டே வீட்டைச் சுற்றுவது. அப்போதுதான் அடுத்த மழைக்குள் பெயிண்ட் காயும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அங்கே அவர் பட்டப்பெயர் நிதானம். ரோலரை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கீழே இறங்கி டீ குடித்து, நாட்டு நடப்பைப் பேசிவிட்டு மேலே ஏறுவார். விட்ட இடத்தின் ஓரம் அப்போதும் ஈரமாகவே இருக்கும். புதுப் பெயிண்ட் பழையதோடு குழைந்து, எங்கே விட்டார் எங்கே தொட்டார் என்று கடவுளுக்கும் தெரியாது.

இங்கே அவர் ரோலரை இழுத்தார். குனிந்து தட்டில் தோய்த்தார். நிமிர்ந்தார். அதற்குள் ஓரம் காய்ந்திருந்தது. காய்ந்ததன்மேல் ஈரம் ஏறியது. ஏறிய இடமெல்லாம் இரட்டைத் தடிமன். வெயிலில் கண் கூசியதாலும் வேர்வை கண்ணுக்குள் இறங்கியதாலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நிதானமாக, அழகாக, மதியம் வரை அடித்தார்.

சாயங்காலம் வெளிச்சம் சாய்ந்ததும் சுவர் தன் உண்மை முகத்தைக் காட்டியது. மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இளம்பச்சை, கொஞ்சம் கூடுதல் பச்சை, இளம்பச்சை, கூடுதல் பச்சை.

வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். நீங்க ஜீப்ரா கிராசிங் போட்டிருக்கீங்க. எனக்குப் பாடம் நடத்த வசதிதான். ஆனா மனுஷங்க சுவத்துமேல நடந்து ரோட்டைக் கடக்கறது இல்லையே."

மச்சினன் தலையைச் சொறிந்தான். அந்தம்மா உள்ளே போனபின் வாயைத் திறந்தான்.

"மாமா, அத்தனை வருஷ அனுபவத்தையும் மலையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"பெயிண்ட் சரியில்ல மாப்ள."

"பெயிண்ட் புதுசு."

"அப்ப ரோலர்."

"ரோலரும் புதுசு."

"அப்ப நான்தான் பழசு."

"அதை நான் சொல்ல மாட்டேன். அக்கா அடிப்பா." கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "வேகமா இழுங்க மாமா. எங்க பசங்க எல்லாம் வேகமாத்தான் இழுப்பாங்க. நாளைக்குத் தேச்சுட்டு மறுபடி அடிங்க. அந்தம்மா இன்னொரு சான்ஸ் தர்றாங்களாம். இன்னொண்ணுதான்."

வீட்டுக்குப் போனதும் முதலாளியின் போன் வந்தது. பெயிண்டர் பால்கனிக்குப் போய்ப் பேசினார்.

"என்னப்பா, ஊர் எப்படி?"

"சூடா இருக்கு முதலாளி."

"பள்ளிக்கூட வேலை ஒண்ணு வந்திருக்கு. முப்பது ரூம். எல்லாம் உள் வேலை, மழைத் தொல்லை இல்ல. உன் கை இல்லாம எனக்கு ஓடாது. வர்றியா?"

"மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்."

திரும்பியபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"பழைய முதலாளி. சும்மா விசாரிச்சார்."

அவள் அவரைப் பார்த்தாள். மறுபடி துணியை மடித்தாள். மூச்சு இருந்தும் அவள் பேசாமலிருந்தது அதுதான் முதல் தடவை. பெயிண்டருக்கு என்னவோ போலிருந்தது. திட்டியிருக்கலாம்.

மறுநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவரைத் தேய்க்கப் போனார். பத்து மணிக்குள் சுவர் அடுப்பில் வைத்த வாணலியாகிவிட்டது. உள்ளங்கை வைக்க முடியவில்லை. மண்டை கிறுகிறுத்தது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மேற்குப் பக்கம் போய், நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே நல்ல நிழல். சுவர் முதுகுக்குச் சில்லென்று இருந்தது. முதலாளியிடம் என்ன சொல்வது, மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். நாய் ஒன்றும் யோசிக்கவில்லை.

உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நாய் எழுந்தது. உடம்பை முறித்தது. அவசரமில்லாமல் நடந்து வடக்குப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே போய் விழுந்தது. பெயிண்டர் தன் யோசனையில் உட்கார்ந்தே இருந்தார். வெயில் காலைக் கடித்தபிறகுதான் சொரணை வந்தது. அவரும் எழுந்துபோய் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தார்.

மதியம் தாண்டியதும் நாய் மறுபடி எழுந்தது. இந்த முறை வாசலைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனது. காலையில் அவரை வறுத்தெடுத்த அதே சுவர். அதன் அடியில் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்தது. கண்ணை மூடியது.

பெயிண்டர் பின்னாலேயே போனார். சுவரில் கை வைத்துப் பார்த்தார். இப்போது உள்ளங்கை சூட்டைத் தாங்கியது.

நாயைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேலே நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். அது கூரைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"அடப் பாவி," என்றார். நாயைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

ஆயுள் முழுக்க வெயிலுக்குப் பின்னால் போனவர். இங்கே நிழலுக்குப் பின்னால் போகவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இங்கத்திப் பையன்கள் நாலு பேராக இறங்கி அவசர அவசரமாக இழுத்தது வெயிலோடு போட்டி போட்டு. தனி ஆளுக்கு நிழல்தான் கூட்டு.

உடனே சுவரைத் தேய்த்து முடித்தார். தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்தார். ரோலரை எடுத்தார். டீ இல்லை, நாட்டு நடப்பு இல்லை. கை நிற்காமல் இழுத்தார். குனிவது, தோய்ப்பது, நிமிர்வது, இழுப்பது. ஓரம் ஈரமாகவே இருந்தது. நாயை மட்டும் ஒருமுறை காலால் தள்ள வேண்டியிருந்தது. அது தள்ளிய இடத்திலேயே தூங்கியது.

சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்த வீட்டுக்காரம்மா சுவரோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"ஜீப்ரா எங்க போச்சு?"

"ஓடிப்போச்சும்மா."

"நேத்து என்ன ஆச்சு உங்களுக்கு?"

"நேத்து ராங் சைடுல வந்துட்டேன்."

அந்தம்மா சிரித்துவிட்டார். "இதை மறுநாளே ஒத்துக்கற ஒரு ஸ்டூடண்ட் எனக்குக் கிடைக்கலையே."

அடுத்த நாள் காலையில் மேற்குச் சுவர். நாய் இருந்த இடத்தில்தான் சாரம் நட்டார். தலைக்குமேல் ஆள் ஏறி நிற்பதை நாய் ஏற்றுக்கொண்டது. வாலில் மட்டும் ஒரு பொட்டு இளம்பச்சை விழுந்தது. மதியம் வடக்குச் சுவர். மாடிப்படி நடுவில் வந்ததால் அதற்கு இரண்டு நாள் ஆனது. பார்க்க வந்த மச்சினன் ரகசியம் தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இங்க மேஸ்திரி யாரு மாமா? நீங்களா, அவனா?"

"அவன்தான். நான் அவன்கிட்ட வேலை பாக்கறேன்."

"கூலி?"

"எனக்கு நீ தர்ற. அவனுக்கு பிஸ்கட்."

"எங்க பசங்களை விட அவன் ஒழுங்கு. டைமுக்கு இடம் மாறுறான்."

பாக்கி தெற்குச் சுவர். அங்கேதான் வந்தது வினை. அந்தப் பக்கம் நாய் ஒருநாளும் படுத்ததில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கே வெயில். ஜன்னல் ஒன்றுகூட இல்லாத, தெருவைப் பார்த்த, இரண்டு மாடி உயரச் சுவர். போவோர் வருவோர் எல்லாம் பார்ப்பது அதைத்தான். பெயிண்டர் பொழுது விடியுமுன் வந்து நின்று பார்த்தார். பக்கத்து வீட்டுக் கூரைக்குமேல் சூரியன் ஏறும்வரை கொஞ்ச நேரம் அந்தச் சுவர் சும்மா இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மொத்தச் சுவரையும் ஒரே வீச்சில் இழுத்துவிட வேண்டும். பாதியில் விட்டால் நடுச்சுவரில் கோடு விழும். தனி ஆளால் ஆகாது.

அன்று சாயங்காலம் மச்சினனை மாடிக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு ஆள் வேணும்."

"காதுல சரியா விழலை மாமா. இன்னொரு தடவை சொல்லுங்க."

"விழுந்துச்சு உனக்கு."

"தனியாத்தான் அடிப்பேன்னாரே ஒருத்தர். யாரு அது?"

"அது குளிர்ல சொன்னது. ஆள் இருக்கா, இல்லையா?"

"பசங்க எல்லாம் வேற சைட்டுல இருக்காங்க மாமா. ரெண்டு நாள் ஆகும்."

"அப்ப நீ வா."

"நானா? நான் ஏணி ஏறியே ரொம்ப வருஷமாச்சு."

மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "போடா, சின்ன வயசுல பக்கத்து வீட்டு மாமரத்துல ஏறினவன்தானே நீ, ஏணியில ஏற முடியாதா, ஏறினா தொப்பையாவது குறையும், நான் விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விடறேன்."

"ஏணி தாங்கணுமேக்கா," என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் பெயிண்டரின் போன் அடித்தது. பால்கனிக்குப் போனார்.

"நாளைக்கு மாசக் கடைசி," என்றார் முதலாளி. "இதுக்குமேல என்னால நிறுத்தி வைக்க முடியாதுப்பா. காலையில எழுந்ததும் கூப்பிடுவேன். ஒரே வார்த்தை சொல்லு. வர்றியா, வரலையா."

மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். தெற்குச் சுவர் முடியட்டும் என்றும் நினைத்தார். முடியாமல் பட்டை விழுந்தால் எதைச் சொல்வது, முடிந்தால் எதைச் சொல்வது என்று இரண்டையும் மனதில் எழுதி வைத்துக்கொண்டு படுத்தார்.

கிழக்கு வெளுக்கும்போது இருவரும் சுவர்முன் நின்றார்கள். தெருவில் பால் வண்டி மட்டும் போனது. நாய் கேட் ஓரத்தில் படுத்துக்கொண்டு, பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

மச்சினன் ஏணியில் ஏறிக் கூரை ஓரத்தையும் மூலையையும் பிரஷால் கோடு பிடித்து அடித்துக்கொண்டே போனான். பெயிண்டர் சாரத்தில் நின்று பின்னாலேயே ரோலரை இழுத்தார். அவன் விட்ட ஈரத்தை இவர் பிடித்தார். முதலில் கை ஒட்டவில்லை. அவன் முந்தினான், இவர் பிந்தினார். கொஞ்ச நேரத்தில் இருவர் கையும் ஒரு தாளத்துக்கு வந்தன.

"மாமா, ஒரு நிமிஷம். இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"பிடிக்கட்டும். நிக்காத."

"தண்ணியாவது குடிக்கறேனே."

"முடிச்சுட்டு ஒரு குடம் குடி."

"உங்களைப் போய் நிதானம்னு சொன்னாங்களே, அவங்களைச் சொல்லணும்."

பாதிச் சுவர் தாண்டியது. பக்கத்து வீட்டுக் கூரை விளிம்பு மினுங்க ஆரம்பித்தது. சுவரின் கோடியில், மேல்மூலையில், கைக்குட்டை அளவுக்கு ஒரு வெயில் துண்டு வந்து ஒட்டிக்கொண்டது. பெயிண்டர் அதைப் பார்த்தார். ரோலர் வேகமானது. அவருடைய இடது பக்கம் பச்சை ஒரே பரப்பாக, கோடில்லாமல் பளபளத்தது. வலது பக்கம் இன்னும் வெள்ளை. நடுவில் ஈர ஓரம். அந்த ஓரம்தான் அவருக்கு அப்போது உலகம்.

"ஏங்க!"

கீழே மனைவி. ஒரு கையில் பிளாஸ்க். மறுகையில் அவருடைய போன். தெருக்கோடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. நெற்றியில் வேர்வை. அவள் ஓடி அவர் பார்த்ததே இல்லை. மலை ஊரில் சரிவில் நாலடி ஏறினாலே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"போனைக் கட்டில்லயே போட்டுட்டு வந்துட்டீங்க," என்றாள். "அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தேன். உங்க முதலாளி."

பெயிண்டர் குனிந்தார். ரோலரைத் தோய்த்தார்.

"அவர்கிட்ட எல்லாம் கேட்டுட்டேன்."

மச்சினன் ஏணியிலிருந்து அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "என்ன மாமா இது?" என்றான். பிரஷை நிறுத்தவில்லை.

பெயிண்டர் நிமிர்ந்து இழுத்தார். வெயில் துண்டு மேல்மூலையிலிருந்து ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. கீழே இறங்கிப் போனை வாங்கினால் ஓரம் காய்ந்துவிடும். அவர் மறுபடி குனிந்தார், தோய்த்தார், இழுத்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடி வந்த மூச்சு. வேகமாக இருந்தது. விசில் இல்லை.

அவள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சாரத்தின் காலருகே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க இறங்க வேண்டாம், வேலையை விட வேண்டாம், என்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு வீட்டுக்கு வந்ததும் கேட்டுக்கறேன், அதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் மூச்சு இருக்கு, இப்ப மனுஷன் லைன்ல காத்துக்கிட்டு இருக்காரு, ஒரே வார்த்தைதான் கேக்கறாரு, என்னன்னு சொல்லட்டும்?"